நம் மண்ணின் கனிகளும் நலவாழ்வும்

கனியினை அதன் பிறப்பு முதற்கொண்டே பெயரிட்டுப் போற்றிய மொழி தமிழ். வாழையின் பிஞ்சு கச்சல் எனப்படும். மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. தென்னை, பனை ஆகியவற்றின் பிஞ்சு குரும்பை. பிஞ்சு முதிர்ந்து காயாகும். காய் முற்றிக் கனியாகும். ஒவ்வொரு பருவத்திற்கும் தனித்தனிப் பெயர் சூட்டிய நம் முன்னோர், அவ்வப்பருவத்தின் சுவையையும் பயனையும் நன்கறிந்தே அவ்வாறு செய்தனர். வடுவை உப்பிலிட்டனர், மூசைப் பொரியலாக்கினர், வாழைக்காயைக் கறியாகச் சமைத்தனர், கனிந்ததை மட்டும் உள்ளவாறே உண்டனர். அடுப்பும் உப்பும் வேண்டாது இயற்கை தானே சமைத்துத் தரும் உணவு கனி என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

திருக்கோயில்களுக்கும் கனிகளுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழைமையானது. கச்சி ஏகம்பத்தில் மா, திருவானைக்காவில் வெண்ணாவல், திருக்குற்றாலத்தில் குறும்பலா, திருநெல்லிக்காவில் நெல்லி, திருப்பைஞ்ஞீலியில் வாழை, கீழ்வேளூரில் இலந்தை எனப் பழமரங்கள் பலவும் தலமரங்களாகப் போற்றப்பெறுகின்றன. இவையனைத்தும் நம் மண்ணில் விளைந்து, அந்தந்தப் பருவத்தில் எளியோர் கைக்கும் எட்டுபவை. இறைவன் திருமுன் வைக்கும் தட்டில் தேங்காயோடும் வெற்றிலையோடும் இடம்பெறுவதும் எளிய வாழைப்பழமே.

அவ்வாறு படைத்துப் பெற்ற பழம் இல்லத்தை அடைந்தபின் என்னாகின்றது? பல வீடுகளில் அடுக்களை மாடத்திலேயே கறுத்து வீணாகின்றது. அதே வீட்டில் தாய் குருதிக் குறைவால் சோர்ந்திருப்பார். குழந்தை மலச்சிக்கலால் வருந்தும். பழம் என்பது செல்வர்க்குரிய உணவு, நோயுற்ற காலத்தில் ஆப்பிளாக வாங்கிக் கொடுக்க வேண்டிய பொருள் என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் பொருந்தாது. நம் தெருவில் கூடையில் வைத்து விற்கப்படும் எளிய கனிகளே நாள்தோறும் உண்ணத்தக்க நல்லுணவு என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

கனிதலின் இயல்பு

காய் கனியாகும்போது நிகழும் மாற்றங்கள் வியத்தற்குரியவை. முற்றிய வாழைக்காயில் மாச்சத்தே மிகுதி. கனியுந்தோறும் அம்மாச்சத்தின் பெரும்பகுதி சர்க்கரையாக மாறுகின்றது. ஆதலின் இனிப்பு உண்டாகின்றது. தோலின் பச்சையம் சிதைய, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகின்றது. துவர்ப்பு குறைகின்றது, சதை நெகிழ்கின்றது, மணம் பிறக்கின்றது. இம்மாற்றங்களைத் தூண்டுவது, கனி தானே வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு ஆகும். மா, வாழை, பப்பாளி, சப்போட்டா முதலியன மரத்திலிருந்து பறித்த பின்னரும் கனியும். திராட்சை, ஆரஞ்சு, மாதுளை போன்றவை பறித்தபின் கனிவதில்லை.

பண்டைக் காலத்தில் மாங்காயை வைக்கோலில் புதைத்தும், வாழைத்தாரை மூட்டம் போட்டும் பழுக்க வைத்தனர். வைக்கோலினுள் காயின் எத்திலீன் வெளியேறாது தங்கும். மூட்டத்தின் புகையிலும் அவ்வாயு சிறிதளவு உண்டு. பெயர் அறியாவிடினும் பயன் அறிந்து செய்த முறைகள் இவை. வணிகர் சிலரோ கால்சியம் கார்பைடு என்னும் கல்லைப் பயன்படுத்தி விரைவிற் பழுக்க வைக்கின்றனர். அக்கல்லில் ஆர்செனிக் முதலிய நச்சுப் பொருள்களின் சாயல் கலந்திருத்தல் கூடும். ஆதலின் அதனைக்கொண்டு பழுக்க வைத்தலை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடைசெய்துள்ளன. தோல் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகியும், உள்ளே கெட்டியாகவும் மணமற்றும் இருக்கும் மாம்பழத்தை ஐயுறுதல் நன்று. எப்பழமாயினும் ஓடும் நீரில் நன்கு கழுவியே உண்ணல் வேண்டும்.

நெல்லியும் கொய்யாவும்

அதியமான் நெடுமான் அஞ்சி, பெறற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்த வரலாற்றைத் தமிழுலகம் நன்கறியும். வாழ்நாளை நீட்டிக்கும் கனியென நெல்லி அன்றே மதிக்கப்பெற்றது. நெல்லியின் சிறப்புக்கு இக்கால அறிவியல் கூறும் காரணம் வைட்டமின் சி என்னும் உயிர்ச்சத்து ஆகும்.

இச்சத்தின் அருமை கடலோடிகளின் துன்பத்தால் உலகிற்கு விளங்கியது. மாதக்கணக்கில் கப்பலில் சென்றோர் பசிய காய்கனி இன்மையால் ஈறு வீங்கிக் குருதி கசிந்து, பழைய புண்ணும் மீண்டும் பிளந்து மாண்டனர். 1747ஆம் ஆண்டு ஜேம்ஸ் லிண்டு என்னும் கடற்படை மருத்துவர், அந்நோயுற்ற 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே சில நாள்களில் தேறினர். ஆயினும் ஆங்கிலேயக் கடற்படை முழுமைக்கும் எலுமிச்சைச் சாறு வழங்கும் முறை 1795ஆம் ஆண்டிலேதான் வந்தது. உண்மை கண்டபின்னும் அதனைக் கைக்கொள்ள ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. அதற்குள் மாண்டோர் பலர்.

வளர்ந்த ஆடவர்க்கு நாளொன்றுக்கு 80 மி.கி., மகளிர்க்கு 65 மி.கி. வைட்டமின் சி வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. 100 கிராம் ஆப்பிளில் இச்சத்து ஏறத்தாழ 5 மி.கி. அளவே உண்டு. ஆரஞ்சில் ஏறத்தாழ 50 மி.கி. உண்டு. கொய்யாவிலோ 200 மி.கி.க்கும் மேல் உண்டு. நெல்லியிலும் அத்தகைய மிகுதியான அளவே காணப்படுகின்றது. சிறு கொய்யாவிற் பாதியே ஒருவர்க்கு ஒரு நாளைக்குப் போதுமானதாகும். ஆப்பிளும் நற்கனியே, எனினும் விலை மிகுந்தது சத்தும் மிகுந்தது என்று கொள்ளுதல் தவறு.

இச்சத்துக்கு மற்றுமொரு பெரும்பணி உண்டு. கீரை, பயறு, கேழ்வரகு முதலியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. அவ்வுணவோடு வைட்டமின் சி சேருமாயின் இரும்பு கூடுதலாக ஏற்கப்படும். 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். வீட்டிலுள்ளோர் அனைவர்க்கும் பரிமாறி, எஞ்சியதைத் தாம் உண்ணும் தாய்மார்கள் இவர்களுட் பலர். உணவு உண்டவுடன் தேநீரோ காப்பியோ பருகினால் இரும்பு உடலிற் சேர்வது குறையும். அதற்கு மாறாக ஒரு கொய்யாத் துண்டையோ நெல்லிக்கனியையோ உண்பாராயின், உண்ட கீரையின் பயன் மேலும் கைகூடும். மருத்துவர் தந்த இரும்பு மாத்திரைக்கு இது மாற்றன்று, துணையாகும். வைட்டமின் சி வெப்பத்தாற் குறையும் இயல்பினது; நறுக்கி நெடுநேரம் வைப்பினும் குறையும். ஆதலின் நறுக்கியவுடன் உண்ணுதலே சிறந்தது.

பொன்னிறக் கனிகள்

மாம்பழம், பப்பாளி, பலாச்சுளை ஆகியவற்றின் பொன்னிறத்திற்குக் காரணம் கரோட்டின் வகைப் பொருள்கள் ஆகும். அவற்றுட் சில உடலினுள் வைட்டமின் ஏ சத்தாக மாறும். அச்சத்துக் குறைந்தால் அந்திநேரத்தில் கண் தெரியாமை உண்டாகும். மிகக் குறைந்தால் குழந்தைகளின் பார்வையே கெடும். நோயெதிர்க்கும் ஆற்றலும் தளரும். கொய்யாவும் பப்பாளியும் சில நூற்றாண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இன்று அவை நம் புழக்கடைக்கே உரியனவாகிவிட்டன. வீட்டின் பின்புறம் கழிநீர் பாயும் சிறு இடத்தில் நட்ட பப்பாளிக் கன்று, ஓராண்டளவில் காய்க்கத் தொடங்கும். ஏழைக் குழந்தையின் கண்ணுக்கு இதனினும் எளிய காவல் வேறில்லை. கருவுற்ற மகளிர் பால் வடியும் பப்பாளிக் காயையும் அரைப்பழத்தையும் தவிர்த்தல் வேண்டும்.

வாழை

கடையிற் சென்று வாளா ‘பழம்’ என்று கேட்டால் நம் நாட்டில் வாழைப்பழமே கிடைக்கும். அத்துணை பொதுவானது அது. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, மொந்தன், நேந்திரம், செவ்வாழை, மலைவாழை, மட்டி என அதன் வகைகள் பல. விருப்பாட்சி மலைவாழை 2008ஆம் ஆண்டிலும், அதனைக்கொண்டு செய்யப்படும் பழனிப் பஞ்சாமிர்தம் 2019ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன.

வாழைப்பழம் 100 கிராமில் ஏறத்தாழ 350 மி.கி. பொட்டாசியம் உண்டு. உணவில் உப்பு மிகுந்தால் குருதி அழுத்தம் உயரும். பொட்டாசியம் அதனைத் தணிக்கத் துணைசெய்யும். ஊறுகாய், அப்பளம், வற்றல் என உப்பு மிகுந்த உணவுப் பழக்கம் உடையோர்க்கு வாழை நல்லதோர் எதிர்ச்சமன் ஆகும். முதியோர் மெல்ல எளிது. குழந்தைக்கு மசித்துத் தரலாம். உழைப்பாளிக்கு உடனே ஆற்றல் தரும். பஞ்சாமிர்தமோ பழத்தோடு நாட்டுச் சர்க்கரை, கற்கண்டு, தேன், பேரீச்சை, நெய் ஆகியன கூடியது. அதனைப் பிரசாத அளவில், அஃதாவது உள்ளங்கையளவிற் சிறிது உட்கொள்ளுதலே முறை.

கனியும் சாறும்

கனியைக் கனியாகவே உண்ணல் வேண்டும். முழுக்கனியில் சர்க்கரை நார்ச்சத்தாகிய சல்லடையினுள் அடங்கியிருக்கும். மென்று விழுங்கும்போது அது மெல்லமெல்லவே குருதியிற் கலக்கும். வயிறும் நிறைவு கொள்ளும். நார்ச்சத்து மலத்தை இளக்கும். குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கு உணவாகும். கொழுப்பின் மிகுதியையும் ஓரளவு தணிக்கும். வளர்ந்தோர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உண்ண வேண்டுமென உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. ஒரு கொய்யாவிலேயே 5 கிராமுக்குமேல் நார் உண்டு.

சாறு பிழியும்போது இந்நார் பெரும்பாலும் சக்கையாக எறியப்படுகின்றது. ஒரு குவளைச் சாற்றுக்கு மூன்று, நான்கு சாத்துக்குடிகள் வேண்டும். நான்கு பழங்களை ஒருவர் ஒரே அமர்வில் உண்பது அரிது. அவற்றின் சாற்றையோ இரண்டு மணித்துளிகளிற் பருகிவிடலாம். கடைகளில் அதனோடு சர்க்கரையும் சேர்ப்பர். அமெரிக்காவில் மருத்துவப் பணியாளர் ஏறத்தாழ 1,87,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுக்கனியாக உண்டோரிடையே நீரிழிவு குறைவாகவும், சாற்றை மிகுதியாகப் பருகியோரிடையே அந்நோய் கூடுதலாகவும் காணப்பட்டதென அவ்வாய்வு தெரிவித்தது. ஒரே பொருள் உண்ணும் முறையால் வேறுபடுகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நீரிழிவு உடையோர் கவனத்திற்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடத்தப்பெற்று 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள் என மதிப்பிட்டது. இந்நோயுற்றோர் பலர் பழத்தை அறவே விலக்கிவிட்டு, சர்க்கரையிட்ட காப்பியையும் பொங்கலையும் வடையையும் விலக்காது உண்கின்றனர். இது முரணான செயலாகும். கொய்யா, நாவல், நெல்லி, பப்பாளி, சாத்துக்குடி முதலியவற்றை அளவாக, ஒரு வேளைக்கு ஒரு சிறு கனி அல்லது ஒரு கைப்பிடித் துண்டுகள் என்னும் வரையறையில், மருத்துவர் அறிவுரையின்படி உண்ணலாம். மாம்பழம், பலா, சப்போட்டா, செவ்வாழை ஆகியவற்றில் அளவு மேலும் சுருங்குதல் வேண்டும். வயிறு நிறைய உணவு உண்டபின் மேலும் பழம் உண்பதைக் காட்டிலும், இருவேளை உணவுக்கும் இடையே உண்பது பொருத்தமானது.

நாவற்கனியின் கருநீல நிறம் தரும் பொருள்கள் உடலுக்கு நன்மை செய்வன. அதன் கொட்டைப் பொடி சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்குப் பயன்படுகின்றது. எனினும் நாவலை நம்பி மருந்தை நிறுத்துதல் கூடாது. அவ்வாறு நிறுத்துவோர் கண்ணையும் சிறுநீரகத்தையும் இழக்க நேரிடும்.

சிறுநீரகம் தளர்ந்தோர்க்கு மேலும் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. நலமுடையோர்க்கு நன்மை செய்யும் பொட்டாசியமே அவர்கள் குருதியில் தேங்கி இதயத்துடிப்பைக் கெடுக்கும். ஆதலின் வாழை முதலியவற்றை மருத்துவர் கூறும் அளவிலேயே உண்ணல் வேண்டும். நட்சத்திரப்பழத்தை அவர்கள் முற்றும் விலக்க வேண்டும். அது அவர்களுக்கு நஞ்சாகும்.

குழந்தைகளும் கனிகளும்

பழம் உண்டால் சளி பிடிக்கும் என்று குழந்தைகளுக்குக் கொய்யாவையும் ஆரஞ்சையும் மறுக்கும் வழக்கம் நம் இல்லங்களில் மிகுதி. சளியை உண்டாக்குவன ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றும் நச்சுயிரிகளே, கனிகள் அல்ல. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கொடாது, சற்று நேரம் வெளியில் வைத்துக் கொடுத்தல் தொண்டைக்கு இதமாகும். இலந்தை, நாவல் ஆகியவற்றின் கொட்டையும் முழுத் திராட்சையும் சிறு குழந்தையின் மூச்சுக்குழலை அடைக்கக் கூடும். ஆதலின் கொட்டை நீக்கியும், திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் தருதல் தாயார் கடமை. மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குப் பொட்டலத் தின்பண்டத்திற்குப் பதிலாக ஒரு வாழைப்பழம் கொடுத்துப் பழக்குதல், வாழ்நாள் முழுமைக்கும் உதவும் நற்பழக்கம் ஆகும்.

பருவமும் அளவும்

எக்கனியை எப்போது உண்பது என்னும் வினாவிற்கு நம் திருநாள்களே விடை கூறுகின்றன. சித்திரைத் திங்கள் முதல்நாளில் கொங்கு நாட்டிலும் குமரிப் பகுதியிலும் மா, பலா, வாழை முதலியவற்றைத் தட்டில் வைத்துக் கண்விழித்துக் காணும் கனி காணுதல் நடைபெறுகின்றது. ஆனித் திங்களில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. விநாயகர் சதுர்த்தியில் விளாம்பழமும் நாவலும் கொய்யாவும் படைக்கப்படுகின்றன. பருவத்தில் விளைந்தது விலையும் குறைவு, புதுமையும் மிகுதி. ஒரே கனியை ஆண்டு முழுவதும் உண்பதைவிட, பருவந்தோறும் மாற்றி உண்பதால் பல்வேறு சத்துகளும் கிட்டும்.

அளவு என்னும் நெறியும் உண்டு. நாளொன்றுக்கு 100 கிராம் கனியும் 400 கிராம் காய்கீரையும் உண்ணுமாறு ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் அறிவுறுத்துகின்றது. 100 கிராம் என்பது ஒரு நடுத்தர வாழைப்பழமோ ஒரு கொய்யாவோ ஆகும். வள்ளுவப் பெருந்தகையும் மருந்து என்னும் அதிகாரத்தில் மூலிகை எதனையும் கூறாது, செரித்ததறிந்து அளவோடு உண்பதையே வலியுறுத்தினார்.

கணவன் அனுப்பிய இரு மாங்கனிகளுள் ஒன்றைப் பசித்து வந்த அடியார்க்கு இட்டவர் காரைக்காலம்மையார். கனி பூட்டிவைக்கும் பொருளன்று. பழுத்த அன்றே பசித்தவர் வாய்க்குச் செல்ல வேண்டிய பொருள் என்பதை அச்செயல் உணர்த்துகின்றது. திருக்கோயிலில் பெற்ற பழத்தை இல்லத்தார் அனைவரும் அன்றே பகிர்ந்து உண்க. மிகுந்திருப்பின் அண்டை வீட்டுக் குழந்தைக்கும், வாயிலில் அமர்ந்திருக்கும் முதியவர்க்கும் வழங்குக. குறிப்பாக, பரிமாறும் தாய்மார்கள் தமக்குரிய பங்கினை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்க. இடமுடையோர் ஒரு நெல்லியோ கொய்யாவோ நட்டு வளர்க்க. நட்டவர் உண்ணாவிடினும் பெயரர் உண்பர். எளிய கனியை எள்ளாது நாள்தோறும் உண்டு, அனைவரும் நோயற்ற நல்வாழ்வு பெறுவாராக.